நானே பார்த்து எடுத்த ஸ்பேனர்கள்

கோட்டுச்சேரி,
ஆடி வெள்ளி.

என் அன்பு மகள் இளவேனிலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் வலது கை மட்டும் கணக்கில் சேராது, அதுவும் தேறிக்கொண்டுதான் வருகிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். ஆடி மாதத்தில்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போகிறேன் என்று நீ சொன்னதை எதிர்வீட்டில் சொன்னேன், யாரும் நம்பவில்லை. இங்கே காற்றுதான் அடிக்கிறது, மழையைக் காணோம். ஆனால் ஆற்றுத் தண்ணீர் நம் பக்கம் வரை வந்துவிட்டது, பின்பக்கத்து வயலில் குறுவை நட்டுப் பச்சை பிடித்திருக்கிறது. மாங்கனித் திருவிழாவுக்கு இந்த வருஷம் நாங்கள் போகவில்லை, நம் இன்ஜின் ரிப்பேர் கடையில் வேலை விடவில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ குறுக்கே விழுகிறாய், நானும் குரலை உயர்த்துகிறேன், கடைசியில் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். அயர்லாந்திலிருந்து கூப்பிட்டு அழுவதற்கா போன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படி, பிறகு கோபப்படு.

நீ கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, கடையை மூடிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் உன்னோடு வந்து இருக்க வேண்டும் என்பது. அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் இரண்டாவதாக, அங்கே கடையில் பார்த்த பெரிய ஸ்பேனர் பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பி, ஊருக்கு வரும் சிநேகிதியிடம் கொடுத்தனுப்புகிறேன், அதையாவது வைத்துக்கொண்டு ஜாக்கிரதையாக வேலை செய் என்கிறாய். இரண்டுமே என் மேல் இருக்கும் அக்கறையில் சொல்வது, எனக்குத் தெரியும். இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். ஏன் என்று தெரிய வேண்டுமானால் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும், போனில் உனக்கு நாங்கள் துண்டு துண்டாகத்தான் சொன்னோம், பயப்படுவாயே என்று சிலதை விழுங்கியும்விட்டோம்.

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தவுடன் காரைக்கால் துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும், இன்ஜின்களைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டும் வேலை நமக்கு அப்போதுதான், அது உனக்குத் தெரிந்ததே. இந்தத் தடவை முதலில் வந்தது சஃபியுல்லா பாயின் இன்ஜின். கிரேன் வைத்து போட்டிலிருந்து தூக்கி நம் கடையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அப்பாவிடம் வெகு காலமாக இருந்த இருபத்திரண்டு மில்லிமீட்டர் ஸ்பேனர் போன வருஷம் துறைமுகத்தில் தண்ணீரில் விழுந்துபோனது. அதற்குப் பதிலாக பஸ் ஸ்டாண்டு பக்கம் வேனில் வைத்து விற்றவனிடம் ஒரு செட்டு வாங்கியிருந்தார். பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். நல்ல கம்பெனி ஒன்றின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிப் பொறித்திருந்தான், அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு நான் டீசல் தட்டில் வால்வுகளைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் பக்கவாட்டில் துருப்பிடித்த ஒரு போல்ட்டை அப்பா முழு பலம் கொடுத்து இழுத்தார். டக் என்று ஒரு சத்தம். ஸ்பேனர் நட்டிலிருந்து நழுவி, அவர் கை போன வேகத்தில் போய் இரும்புத் தாங்கியில் மோதியது. அவர் கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, எண்ணெய்க் கறை என்று நினைத்து துணியை எடுத்துக்கொண்டு போனேன், துணி நனைந்த பிறகுதான் அது ரத்தம் என்று தெரிந்தது.

எக்ஸ்ரேயும் டாக்டர் சீட்டும் உனக்கு அனுப்பினோம், இரண்டு விரல் எலும்பு உடைந்ததும் நரம்பு வெட்டுப்பட்டதும் நீயே பார்த்துச் சொன்னாய். ஆபரேஷன் முடிந்து டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதைத்தான் நான் உனக்குச் சொல்லவில்லை. "விரல் மடங்கும்மா, சாப்பிடலாம், சட்டை பட்டன் போடலாம். ஆனா பழைய பிடிமானம் வரும்னு நான் உறுதி கொடுக்க மாட்டேன்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் நான் கடைக்குப் போய் அந்த ஸ்பேனரைத் தேடி எடுத்தேன். அதன் வாய் விரிந்திருந்தது இளவேனில். மாவுப் பலகாரத்தை அழுத்தினால் விரியுமே, அப்படி. நட்டின் மூலைகள் எல்லாம் மழுங்கி உருண்டை ஆகியிருந்தன. செட்டில் இருந்த மற்றவற்றை எடுத்துப் பார்த்தேன், மேல்பூச்சு தோல் மாதிரி உரிந்து என் விரலைக் கிழித்தது. அன்றைக்கே அத்தனையையும் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்த் துண்டு துண்டாக வெட்டச் சொன்னேன். பழைய இரும்புக்குப் போடலாமே, எதுக்கு வெட்டணும் என்று கேட்டார்கள். முழுசாகப் போட்டால் யாராவது துடைத்து மறுபடியும் விற்பான், இன்னொருத்தர் கை போகும், அதனால் கண்ணெதிரே வெட்டுங்கள் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அப்பா வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். யார் வந்து விசாரித்தாலும் முகம் கொடுக்கவில்லை. "மூடிடலாம் நீலா. வந்த இன்ஜினை அவங்கவங்க எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொன்னார். சஃபியுல்லா பாய் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்ல மனுஷர், அப்பாவுக்காகக் கண் கலங்கினார். ஆனால் அவர் கஷ்டமும் இருக்கிறதே. தடை முடிகிற அன்றைக்குக் கடலுக்குப் போகிற போட்டுக்குத்தான் மீன் கிடைக்கும், அந்த ஒரு போட்டை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, தப்பா நினைச்சுக்காதீங்க. இன்ஜினை நாகப்பட்டினத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுறேன். சிவநாதன் கை சரியானதும் நான் வேற எங்கேயும் போக மாட்டேன், அல்லா மேல ஆணையா" என்றார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "பாய், பிரிச்சது எங்க கடையில. மூடறதும் எங்க கடையிலதான். நான் மூடித் தர்றேன். ஓட்டிப் பாருங்க, உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா அப்பத் தூக்கிட்டுப் போங்க, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே அப்பா படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தார். "அவரு சம்மதிப்பாரா" என்று கேட்டார். "அது என் பாடு" என்றேன்.

நீ நர்ஸிங் படிக்கப் போன வருஷத்திலிருந்து நான் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உனக்கு மறந்திருக்கும். வீட்டில் தனியாக என்ன செய்வது என்றுதான் போனேன். முதலில் பாகங்களைக் கழுவிக் கொடுத்தேன், பிறகு எது எதற்குப் பக்கத்தில் மாட்டுவது என்று வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன், பிறகு வால்வு தேய்ப்பது, இடுக்கில் கசியாமல் வைக்கிற கேஸ்கட் வெட்டுவது எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. அப்பாவே ஆட்களிடம் "நீலா தேய்ச்ச வால்வுல ஒரு சொட்டு டீசல் கசியாது" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு இன்ஜினை முழுதாக மூடி ஓட்டிக் காட்டியதில்லை. அதனால் இதைச் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கை போனது போதாதா, உன் கையும் போகணுமா" என்று கத்தினார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. "என் கை போகாது, ஏன்னா நான் ஸ்பேனரைப் பார்த்து வாங்குவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அவர் மனசு எவ்வளவு புண்பட்டிருக்கும் என்று தோன்றியது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது, இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

ஸ்பேனர் வாங்கப் போன கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அந்தப் பெட்டி ஏன் வேண்டாம் என்பதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது. பாயின் இன்ஜினிலிருந்து கழற்றிய நட்டுகளில் நல்லதாகப் பார்த்து அளவுக்கு ஒன்று எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காரைக்காலுக்குப் பஸ் ஏறினேன். முதலில் போன கடையில் மின்னுகிற செட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்கள். நான் பையிலிருந்து நட்டை எடுத்து ஸ்பேனரில் மாட்டி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன், லொடலொட என்றது. இது ஆடுகிறதே என்றால், கடைக்காரர் "வாங்கிட்டு வரச் சொன்னவரையே அனுப்புங்கம்மா" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு கமர் நிஷா ஞாபகம் வந்தது. அவள் வீட்டுக்காரர் துபாயில் இருப்பதால் ஹார்டுவேர் கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், நமக்கு கிரீஸ் எல்லாம் அங்கேதான் வாங்குவது. நான் நட்டுகளை மேஜையில் கொட்டியதும் அவள் சிரித்துவிட்டாள். "மாப்பிள்ளை பார்க்கப் போற மாதிரி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்களேக்கா" என்றாள். பிறகு உள்ளேயிருந்து எண்ணெய்த் தாளில் சுற்றியதை எடுத்து வந்தாள். பளபளப்பே இல்லை, மங்கலாக இருந்தது. ஆனால் நட்டை மாட்டினேன் பார், அசையவே இல்லை. தலைகீழாகப் பிடித்தேன், நட்டு மெதுவாகத்தான் இறங்கியது. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவளும் கடையை மறந்து என்னோடு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு நாங்கள் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மோசமான இரும்பு என்றால் உடையக்கூடாதென்று தலையைப் பெரிதாக வைத்திருப்பான், அது இன்ஜின் இடுக்குக்குள் போகாது. அடித்து உருவாக்கிய நல்ல எஃகு என்றால் தலை மெலிசாக இருக்கும், கைப்பிடிக் கம்பு கையில் உறுத்தாது, எழுத்து ஆழமாகப் பதிந்திருக்கும். நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் கவ்வுகிற, வாய் திறந்த ஸ்பேனர் லேசான வேலைக்குத்தான். பிடித்துப்போன நட்டுக்கு வளையமாகச் சுற்றிப் பிடிக்கும் ரிங் ஸ்பேனர்தான் வேண்டும், அப்பாவுக்கு அன்றைக்கு அந்த இடத்தில் அது இருந்திருந்தால் கை தப்பியிருக்கும். உப்புக் காற்றில் துருவேறி மூலை தேய்ந்த நட்டாக இருந்தால் உள்ளே ஆறு மூலை உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும், மூலை அதிகமாக இருந்தால் வழுக்கும். எனக்கு அப்பா அளவுக்குத் தோள் பலம் கிடையாது, அதனால் கம்பு நீளமானதாகக் கேட்டேன். குட்டை ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இழுக்கிற பழக்கம் நம் பக்கத்தில் எல்லாருக்கும் உண்டு, நான் அதைச் செய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். திருகித் திருகி வாயை அகலமாக்குகிற ஸ்க்ரூ ஸ்பேனரை கமர் நிஷா எடுத்துக் காட்டினாள், ஒன்று போதுமே எல்லா அளவுக்கும் என்று. வேண்டாம் என்றுவிட்டேன், அது தண்ணீர்க் குழாய்க்குச் சரி, இன்ஜினுக்கு ஆகாது. இப்போது உன் பெட்டிக்கு வருகிறேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதில் பாதி ஸ்பேனர் அங்குலக் கணக்கு, இங்கே நம் இன்ஜின்கள் எல்லாம் மில்லிமீட்டர். மீதிப் பாதி கார் வேலைக்கான குட்டிக் குட்டிச் சாமான். நமக்குத் தினம் வேண்டியது பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்துநான்கு, அவ்வளவுதான். அந்தச் சிலது உயிரைக் கொடுத்து இழுத்தாலும் வாய் விரியாததாக இருக்க வேண்டும். எண்ணிக்கைக்காக வாங்குகிற பெட்டி அலமாரிக்கு அழகு, என் கைக்கு உதவாது. உன் மனசு நோகக் கூடாது, ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றும் கமர் நிஷாவிடம் சொல்லிச் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தேன், டார்க் ரெஞ்ச். நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளவு காட்டும், வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் கொடுக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும்தான் அப்பா பேசினார், அதுவும் சண்டைக்குத்தான். "இத்தனை வருஷமா என் கைதான் எனக்கு மீட்டர், இது என்ன பொம்மை" என்றார். "உங்க கைக்கு அது தெரியும், என் கைக்குத் தெரியாதே. நான் உங்க கையைக் கடன் வாங்க முடியாது, அதான் இதை வாங்கினேன்" என்றேன். மறுநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "தனியா போய் என்னத்தைக் கிழிக்கப் போற, நானும் வர்றேன்" என்றார். அன்றிலிருந்து ஸ்டூலைப் போட்டு இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று கேட்பேன், சத்தம் தெருவுக்கே கேட்கும். ஆனால் வேலை நகர்ந்தது. சேலைக்கு மேல் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் இன்ஜினை மூடினேன். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொன்றும் கிளிக் என்கிற வரை இறுக்கினேன்.

தடை முடிய ஒரு வாரம் இருக்கும்போது கிரேனில் தூக்கிப் போய் போட்டில் இறக்கினார்கள். அங்கே ஒரு சிக்கல். போட்டை ஓட்டுகிற பஞ்சநாதன், "மன்னிச்சுக்கங்கக்கா, பொம்பளைங்க போட்டுல ஏறுற வழக்கம் இங்க இல்லை. அண்ணனை இறங்கச் சொல்லுங்க, நீங்க மேலேருந்து சொல்லுங்க" என்றான். அப்பா கழுத்தோடு தூளி கட்டித் தொங்கவிட்ட கையோடு நிற்கிறார், அவர் எப்படி இன்ஜின் குழிக்குள் இறங்குவார். எனக்குக் கோபம்தான், ஆனால் அவனைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை, அவன் வளர்ந்தது அப்படி. "தம்பி, கடலுக்கு நடுவுல இன்ஜின் நின்னா வழக்கம் வந்து கயிறு கட்டி இழுக்குமா? நான் மூடின இன்ஜின், நான் இறங்கிப் பார்க்காம ஸ்டார்ட் பண்ண விட மாட்டேன்" என்றேன். எல்லாரும் சஃபியுல்லா பாயைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "போட்டு என்னுது. தங்கச்சி ஏறட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். ஏறினேன். செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு ஏறினேன், அவர்கள் கடலை மதிக்கிற மாதிரி நானும் மதிக்கிறேன் என்று தெரியட்டும் என்று.

இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சத்தம் நன்றாக இருந்தது. கரையில் கைதட்டினார்கள். நான் கீழே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், சூடேறிய பிறகு ஹெட்டுக்குக் கீழே ஓர் ஓரத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கசிகிறது. பஞ்சநாதனும் எட்டிப் பார்த்துவிட்டான். "லேசாத்தான் கசியுது, அந்தப் போல்ட்டை இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்துடுங்க, நின்னுடும்" என்றான். டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்தேன், எல்லாவற்றையும் போலத்தான் அதுவும் அளவு வந்து கிளிக் என்றது. அப்படியானால் போல்ட் இறுகியிருக்கிறது, ஹெட் இறுகவில்லை. எனக்குக் காரணம் தெரியவில்லை, ஆனால் இழுத்தால் சரியாகாது என்பது மட்டும் தெரிந்தது. மேலேயிருந்து அப்பாவும் "ஒரு இழுப்பு இழுத்துத்தான் பாரேன் நீலா" என்றார். "முடியாது. இன்ஜினை நிறுத்துங்க, ஹெட்டைத் திரும்பக் கழட்டுறேன்" என்றேன். எல்லார் முகமும் வாடிவிட்டது. தடை முடியப் போகிறது, இந்த அம்மா மறுபடியும் பிரிக்கிறேன் என்கிறாளே என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அது எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. இன்ஜின் ஆறுகிற வரைக்கும் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தால் யாராவது பேசி என் மனசை மாற்றிவிடுவார்களோ என்று பயம்.

இடம் குறுகல், நிமிர முடியாது. அங்கேதான் மெலிசான தலையுடைய ஸ்பேனரின் அருமை தெரிந்தது, மற்றதாக இருந்தால் பாதி நட்டுக்கு எட்டியிருக்காது. ஒரு நட்டுகூட மழுங்காமல் எல்லாம் கழன்று வந்தன. ஹெட்டைத் தூக்கிவிட்டு அந்த ஒரு போல்ட் இறங்கும் குழிக்குள் கம்பியை விட்டுக் கிளறினேன். அடியில் துருவும் பழைய சேறும் கெட்டியாக உறைந்திருந்தது. போல்ட் அதன் மேல் போய் முட்டிக்கொண்டு இறுகியிருக்கிறது, ஹெட்டை அழுத்தவே இல்லை. அந்தக் குழிகளைச் சுத்தம் செய்தது நான்தான், மற்றவை எல்லாம் சுத்தமாக இருந்தன, இது ஒன்று தப்பிவிட்டது. கிளறி எடுத்ததை அப்பாவிடம் மேலே நீட்டினேன். இடது கை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இழுத்திருந்தா போல்ட் அறுந்திருக்கும். இல்லேன்னா இன்ஜின் பிளாக்கே வெடிச்சிருக்கும்" என்று மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் பஞ்சநாதனுக்குக் கேட்டது. புது கேஸ்கட் கிடைக்க ஒரு நாள் ஆனது. திரும்ப மூடினேன். இந்தத் தடவை காலையில் ஸ்டார்ட் செய்து மத்தியானம் வரை ஓடவிட்டோம். ஹெட்டைச் சுற்றி வெள்ளைத் தாளை ஒற்றி ஒற்றிப் பார்த்தேன், ஒரு ஈரம் இல்லை. தடை முடிந்த அன்றைக்கு முதலில் கிளம்பிய போட்டுகளில் அதுவும் ஒன்று. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், புகை கறுப்பாக வருகிறதா என்று. வரவில்லை. போய்த் திரும்பி வந்த அன்று பஞ்சநாதன் ஒரு கூடை நிறைய வஞ்சிரமும் நண்டும் கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு, "இன்ஜின் அசையாம ஓடிச்சுக்கா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான். வெட்கம்தான்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் தெரியாதது நிறைய, டீசல் பம்ப்பைத் தனியாகப் பிரிக்க வராது, அதற்கெல்லாம் அப்பா பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் கடை ஓடும் இளவேனில், நான் ஓட்டுவேன். உன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்பா மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், நானும் அவரைப் பார்த்துக்கொண்டே கரைந்துபோவேன். உன்னிடம் வருவோம், கட்டாயம் வருவோம், ஆனால் விருந்தாளியாக வந்து உன் கையால் சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்களாக வருவோம். நீ எங்களுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று செய். உன் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இருப்பார்களே, அவர்களிடம் அப்பாவின் எக்ஸ்ரேயைக் காட்டி, விரல் பிடிமானத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு வீடியோ அனுப்பு. இங்கே சொல்லிக்கொடுத்ததைக் காலையிலும் சாயங்காலமும் செய்கிறார், பத்தொன்பதாம் அளவு ஸ்பேனரைப் பிடித்துத் தூக்க முடிகிறது, இறுக்கத்தான் வரவில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து யாரோ இரண்டு பேர், நமக்குப் பழக்கமில்லாதவர்கள், டிராக்டரில் பம்ப்செட் இன்ஜினை ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். நான் உள்ளே ஒரு கியர்பாக்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். அப்பா வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் நட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் அவரிடம் "மெக்கானிக் இருக்காரா?" என்று கேட்டார்கள். நான் வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன், இந்த மனுஷர் என்ன சொல்லப் போகிறாரோ, அவர் மனசு என்ன பாடுபடுமோ என்று. அப்பா கையிலிருந்த நட்டைத் தட்டில் போட்டுவிட்டு, நிதானமாக, "இருக்காங்க. வேலையில கை வச்சிருக்காங்க, கொஞ்சம் உட்காருங்க" என்றார்.

எல்லா நலனும் பெற்று, நீ எடுத்த வேலையில் பேர் எடுத்து நீண்ட காலம் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். சைக்கிளில் டியூட்டிக்குப் போகிறாயாமே, மழை நாளில் பிரேக் பிடிக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறு, சோம்பல்படாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
சி. நீலாயதாட்சி,
கோட்டுச்சேரி.